ஒரு முழம்கூட இல்லாத ஹோஸ்

எங்கள் வீட்டு அம்பாசடர் 1972ஆம் ஆண்டு வண்டி, மார்க் 2. திருவாரூர் போய்விட்டுக் கும்பகோணம் திரும்பும்போது குடவாசல் தாண்டியதும் இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வருவது இரண்டு ஆண்டுகளாக வாடிக்கையாகிவிட்டது. ஓரங்கட்டித் தண்ணீர் தெளித்தால் வீல் டிரம் தோசைக்கல்லைப் போலச் சீறும். டிரம்மின் உட்புறத்தில் அழுந்தி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூவை மாற்றினோம், வீல் சிலிண்டருக்குப் புதிய கிட் போட்டோம், ஷூவை இழுக்கும் ஸ்பிரிங்குகளையும் மாற்றினோம். வாசனை மட்டும் போகவில்லை.

பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயான பழைய ஹோஸைக் கழற்றி பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வெளியே ஒரு வெடிப்புகூட இல்லாத அந்தக் குழாயின் உட்சுவர், தண்ணீரில் ஊறிய அப்பளம் போல் உப்பி, நடுத்துளையைக் குண்டூசி நுழையும் அளவுக்குச் சுருக்கியிருந்தது. பெடலை மிதிக்கும்போது காலின் அழுத்தம் ஆயிலை அந்தத் துளை வழியாகத் தள்ளிவிடுகிறது; காலை எடுத்த பிறகு அதைத் திருப்பி அனுப்ப ஷூ ஸ்பிரிங்கின் பலம் மட்டுமே இருப்பதால் அது அங்கேயே தங்கி, ஷூவை டிரம்மோடு உரசவைக்கிறது. இரண்டு ஆண்டுகளாக நாங்கள் சக்கரத்துக்குள் தேடிய நோய் சக்கரத்துக்கு வெளியே, ஒரு முழம்கூட இல்லாத ரப்பர் குழாய்க்குள் இருந்தது.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடும் யோசனை ஏற்கனவே இருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை உருவான இந்த வண்டியின் பழைய பதிப்புகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம்தான். உலர்ந்த சாலையில் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் நிரம்பிச் சாலையின் மேல் ஒரு சாண் தண்ணீர் ஓடும் இடங்களைக் கடந்து வந்த பிறகு, முதல் மிதியில் பிரேக் பிடிக்காமல் வழுக்கிப் போகும் அந்த ஒரு நொடியை டெல்டாவில் பழைய வண்டி ஓட்டுகிற எல்லோரும் அறிவார்கள். டிரம்முக்குள் புகுந்த நீர் வெளியேற நேரம் பிடிக்கும். டிஸ்க்கோ திறந்தவெளியில் சுழல்வதால் நீரை உதறிவிடுகிறது. டிஸ்க்கையும் அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் பொருத்திய வேலையைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. அது லேத் பட்டறையில் இரண்டு நாளில் முடிந்தது. ஹோஸ்தான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறும்போது ஹோஸின் வேலை கூடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. டிரம்முக்குள் இருக்கும் ஷூ, சுழலும் டிரம்மால் இழுக்கப்பட்டுத் தானாகவே இன்னும் இறுக்கமாகப் பதிகிறது. அதாவது நாம் கொடுக்கும் அழுத்தத்துக்கு வண்டியின் ஓட்டமே துணை சேர்க்கிறது. டிஸ்க்கில் அந்தத் துணை கிடையாது. அதே அளவு பிடிமானத்துக்குக் குழாய்க்குள் அழுத்தம் கூடுதலாக வேண்டும், அந்த அழுத்தத்தில் பழைய ஹோஸ் சற்று உப்பினாலும் பெடல் பஞ்சு போல் அமுங்கும். இன்னொன்று இதைவிட முக்கியமானது. எங்கள் வண்டியில் வந்த மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் உருளை, ஒற்றைச் சுற்று. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று ஹோஸ்களில் எது வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரையும் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரையும் சேர்த்தே போட்டோம். டிஸ்க் போட்டுவிட்டு ஒற்றைச் சுற்றிலேயே ஓட்டுவது, மாடி கட்டிவிட்டுப் படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்காமல் விடுவதற்குச் சமம் என்பது என் கருத்து.

முதல் சிக்கல் மரையில் வந்தது. அம்பாசடருக்கு இன்ச் ஸ்பேனர் என்பது பட்டறைக்கு வரும் சிறுவனுக்கும் தெரியும். என் வண்டியின் பிரேக் பைப் நட்டுகளும் அந்தக் கணக்குதான்: எட்டில் மூன்று அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. நான் வாங்கிய காலிப்பர் பிற்காலக் கார் ஒன்றினுடையது. அதில் 10 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மரை. எட்டில் மூன்று அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒன்றில் ஒன்று போடவும் போகும். முதல் இரண்டு, மூன்று சுற்று வெண்ணெய் போல் ஏறும். பிறகு இறுகும். அந்த இறுக்கம் உட்கார்ந்ததால் வருவதன்று, மரையோடு மரை மோதுவதால் வருவது. பத்து மில்லிமீட்டர் நீளத்தில் ஒன்றுக்குப் பத்து மரை இருக்க, மற்றதற்கு ஒன்பதரைகூட இல்லை.

லேத் பட்டறை அண்ணன் மரையின் இடைவெளியை அளக்கும் தன் பிட்ச் கேஜை எடுத்து இரண்டிலும் வைத்துக் காட்டினார். கேஜின் பற்கள் முதலாவதில் ஒளி புகாமல் பதிந்தன. இரண்டாவதில் நடுப்பகுதியில் மட்டும் பதிந்து இரு முனைகளிலும் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. "தம்பி, இது ஏறுதேன்னு இறுக்கிட்டுப் போனீங்கன்னா, அவசரத்துக்கு மிதிக்கிற அன்னிக்குத்தான் உருவிக்கிட்டு வரும்" என்றார். சாதாரணமாக நிறுத்தும்போது தாங்குகிற மரை, உயிருக்காக மிதிக்கும்போது கைவிட்டுவிடும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

மரை பொருந்தினால் மட்டும் போதாது. பிரேக் பைப்பின் முனையைப் புனல் போல் இரட்டை மடிப்பாக விரிப்பது ஒரு முறை, குமிழி போல் உப்பச் செய்வது இன்னொரு முறை. ஹோஸின் உள்ளே இருக்கும் இருக்கை எந்த முனைக்கானதோ அந்த முனைதான் அதில் கசியாமல் அமரும். பிரேக் இணைப்பில் கசிவைத் தடுப்பது இந்த இருக்கைதான். மரை வெறுமனே அழுத்திப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. எங்கள் பக்கத்தில் போர்வெல் பம்புசெட் இணைத்துப் பழகிய கைகள் எந்த மரையைப் பார்த்தாலும் உடனே டெஃப்லான் டேப்பைத் தேடும். பிரேக்கில் அதைச் சுற்றக் கூடாது. இருக்கை சரியாக அமராததை டேப் கொஞ்ச காலம் மறைக்கும், பிய்ந்த துணுக்கு ஆயிலோடு போய் எங்காவது அடைத்துக்கொள்ளும்.

ஒரு முனையில் மில்லிமீட்டர் கணக்குப் பாஞ்சோ போல்ட்டுக்கான (ஆயில் போக நடுவில் துளையுள்ள போல்ட்) வளையம், மறு முனையில் அங்குலக் கணக்கு மரை என்று ஒரு ஹோஸ் எந்தக் கடையிலும் தயாராகக் கிடைக்காது. இங்கேதான் ஒரு பெரிய சபலம் வந்தது. நெல் அறுவடை இயந்திரமும் டிராக்டரும் நிறைந்த ஊர்கள் இவை. ஹைட்ராலிக் ஹோஸ் அறுத்து, முனை வைத்து, பிரஸ்ஸில் நசுக்கிக் கையோடு தரும் கடைகள் தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் உண்டு. அப்படி ஒரு கடையில் விசாரித்தபோது, அறுவடை இயந்திரத்துக்குப் போடும் ஹோஸ் கார் பிரேக்கைவிடப் பல மடங்கு அழுத்தம் தாங்கும், அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார் கடைக்காரர். அழுத்தத்தைப் பற்றி அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்த ஹோஸின் உட்சுவர் பெட்ரோலியம் சார்ந்த ஹைட்ராலிக் ஆயிலுக்கான நைட்ரில் ரப்பர். பிரேக் ஆயில் என்று நாம் சொல்லுவது எண்ணெயே அன்று, கிளைக்கால் சார்ந்த ஒரு திரவம். அது நைட்ரிலை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். பிரேக் ஹோஸின் உட்சுவர் இ.பி.டி.எம். என்னும் வேறு ரப்பர். அதற்குக் கிளைக்கால் ஒத்துப்போகும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால்தான் ஆகாது. குடவாசல் தாண்டியதும் கருகிய நாற்றம் என் மூக்கில் இன்னும் இருந்ததால், உட்சுவர் உப்புவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதே காரணத்தால் பட்டறைகளில் காணும் ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ போட்டுக் கழுவுவது வழக்கம். பிரேக்கின் ரப்பர் பாகங்களையும் ஹோஸையும் அதில் போடக் கூடாது. புதிய பிரேக் ஆயிலைக் கொண்டு துடைத்தால் போதும்.

கடைசியில் சென்னையில் பிரேக் ஹோஸ் மட்டுமே செய்யும் ஓர் இடத்துக்குப் பழைய பைப்பின் நட்டோடு கூடிய முனையை அறுத்து, காலிப்பரின் பாஞ்சோ போல்ட்டையும் சேர்த்து மாதிரிக்கு அனுப்பினேன். எண்களை எழுதி அனுப்புவதைவிடப் பொருளையே அனுப்புவது நல்லது. ஹோஸின் மேல் ஐ.எஸ். 7079 அல்லது எஸ்.ஏ.இ. ஜே1401 என்ற தர எண் அச்சாகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்தினேன். ஜே1401 தரத்தின் சோதனைகளில் ஒன்று, அழுத்தம் ஏற்றிய ஹோஸை 35 மணி நேரம் இடைவிடாமல் சுழற்றி ஆட்டுவது. சாலையில் முன்சக்கரம் செய்யும் வேலையும் ஏறத்தாழ அதுதான். மேலே எஃகுப் பின்னலும் உள்ளே டெஃப்லானும் கொண்ட ஹோஸ் போடுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். மேலுறை இல்லாத பின்னலில் எங்கள் ஊர் வண்டல் புகுந்து உட்கார்ந்தால் உள்ளே அரம் போல் தேய்க்கும் என்பதாலும், உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பதாலும் நான் ரப்பரையே தேர்ந்தெடுத்தேன்.

நீளத்தை முடிவு செய்ததுதான் இந்த வேலையில் நான் மிகவும் ரசித்த பகுதி. பழைய ஹோஸின் நீளத்தையே சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் டிரம்மில் ஆயில் நுழையும் இடம் வேறு, காலிப்பரில் நுழையும் இடம் வேறு. சக்கரம் திரும்பும்போது அந்த இடம் வரையும் வட்டமும் வேறு. அளக்க நான் பயன்படுத்தியது பழைய சைக்கிள் பிரேக் கேபிளின் மேலுறை. கயிறு எப்படி வேண்டுமானாலும் வளையும், அதனால் அது பொய் சொல்லும். கேபிள் உறைக்கு ஹோஸைப் போலவே ஒரு விறைப்பு உண்டு, ஓர் அளவுக்கு மேல் வளைய மறுக்கும்.

வண்டியை சேசிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் முன்சக்கரம் தொங்கும். அதுதான் சக்கரத்தின் கீழ் எல்லை. பிறகு சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வைத்து, ரப்பர் தடுப்பில் முட்டும் வரை உயர்த்தினால் மேல் எல்லை. இந்த இரண்டு நிலையிலும் ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்து ஒரு முறை, வலப்பக்கம் ஒடித்து ஒரு முறை என்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் நான்கு நிலைகள். மனைவி ஸ்டியரிங்கில் அமர்ந்து நான் குரல் கொடுத்தபடி திருப்ப, நான் கீழே படுத்துக்கொண்டு பார்த்தேன். சக்கரம் தொங்கி, ஸ்டியரிங் முழுக்க ஒடிந்திருந்த ஒரு நிலையில், ஹோஸின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டிலிருந்து காலிப்பர் வரை நேர்க்கோட்டில் 290 மில்லிமீட்டர் வந்தது. எதிர் நிலையில் அதே இடைவெளி சுருங்கி, கேபிள் உறை வளைந்து டயரின் பக்கச் சுவரை நோக்கிப் போனது. நீளம் குறைந்தால் முதல் நிலையில் இழுபடும். கூடினால் இரண்டாவது நிலையில் டயரில் உரசும். 340 மில்லிமீட்டரில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கிடைத்தது, அதுவும் சேசிஸில் இருந்த பழைய பிராக்கெட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, மூன்று மில்லிமீட்டர் தகட்டில் புதிதாகச் செய்த பிறகு. அந்தப் பிராக்கெட்டின் துளையை முழு வட்டமாகப் போடாமல் ஒரு பக்கம் தட்டையாக விடச் சொன்னேன். ஹோஸின் முனையிலும் அதே தட்டை இருப்பதால், நட்டை இறுக்கும்போது ஹோஸ் கூடவே சுற்றாது.

இன்னொரு எல்லையும் உண்டு. அது எந்த மெக்கானிக் புத்தகத்திலும் இருக்காது. நாங்கள் இந்த வேலையைச் செய்தது பங்குனியில். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்தும் பயறும் அப்போதுதான் அறுவடையாகும். பிடுங்கிய செடிகளைக் காயவைத்துச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தாலேயே அடித்துக்கொள்வது இங்கே பழக்கம். அதன் மேல் ஓட்டிவிட்டு வந்து வண்டிக்கு அடியில் பார்த்தால் கொடியும் காம்புமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கீழ்நோக்கித் தொங்கும் வளைவாக ஹோஸை விட்டால் அது ஒரு கொக்கி. உளுந்துக் கொடி அதில் மாட்டி, சக்கரம் சுற்றச் சுற்ற இழுக்கும். ஆகவே பாஞ்சோ வளையத்தின் கோணத்தை மாற்றி, ஹோஸ் முதலில் மேலே எழும்பிப் பிறகு பிராக்கெட்டை நோக்கிச் சாயுமாறு அமைத்தோம்.

ஹோஸ் வந்து சேர்ந்ததும், மாட்டுவதற்கு முன் பெடலைச் சிறிது அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தேன். அப்படிச் செய்தால் மாஸ்டர் சிலிண்டரின் துளை அடைபட்டு, பைப்பைக் கழற்றும்போது டப்பா ஆயில் முழுவதும் ஒழுகாது. பழைய ஹோஸை வைஸ் கிரிப்பால் நசுக்கி நிறுத்துவதைவிட இது மேல். எறியப்போகிற ஹோஸானால் பரவாயில்லை, நல்ல ஹோஸை அப்படி நசுக்கினால் உட்சுவர் கிழியும். காலிப்பரையும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டி வைத்தோம்.

மாட்டும் வரிசைக்கு வருகிறேன். பின்பக்க ஹோஸ் பழைய மாதிரி. அதன் ஒரு முனை ஹோஸோடு ஒட்டிய போல்ட் போன்றது, சுற்றினால் ஹோஸ் முழுவதும் சுற்றும். எனவே அந்த முனையை முதலில் ஆக்ஸில் இணைப்பில் காப்பர் வாஷரோடு இறுக்கி முடித்துவிட வேண்டும். அதன் பிறகே மறுமுனையைப் பிராக்கெட்டில் செருகி, ஹோஸின் அறுகோணப் பகுதியை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கி, கடைசியாக இரும்புப் பைப்பின் நட்டைக் கையால் நான்கைந்து சுற்று ஏற்றிவிட்டு ஸ்பேனர் போட வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கினால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். கழற்றும்போது இதற்கு நேர் எதிர்வரிசை: பைப் நட்டு, லாக் நட்டு, கடைசியில் ஹோஸ்.

முன்பக்கத்தில் பாஞ்சோ இருப்பதால் சற்றுச் சுதந்திரம் உண்டு. வளையத்தின் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு புதிய காப்பர் வாஷர். நடுவில் துளையுள்ள போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, பிராக்கெட் பக்கத்தை முடித்து, ஹோஸின் நீளத்தில் ஓடும் வெள்ளைக் கோடு முனையிலிருந்து முனை வரை சுருளாமல் நேராகப் போகிறதா என்று பார்த்த பிறகே போல்ட்டை 23 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். அந்த வெள்ளைக் கோடு அழகுக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முறுக்கைக் காட்டுவதற்குத்தான் அது இருக்கிறது.

வலப்பக்கத்தில் நான் ஒரு தவறு செய்தேன். போல்ட்டைக் கழற்றி மாட்டியதில் ஒரு வாஷர் உருண்டு எங்கோ போய்விட, டூல் பாக்ஸில் கிடந்த பழைய வாஷரைப் போட்டேன். ஒரு முறை நசுங்கிய தாமிரம் கெட்டிப்பட்டுவிடும், மறுபடி மேற்பரப்போடு இழையாது. செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் அது திரும்ப இளகும் என்பது கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைகளில் தினமும் நடக்கிற காரியம்தான். அவசரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

ஏர் எடுப்பதற்கு, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்கு, முன் காலிப்பர் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும்; இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கம் போட்டால் நிப்பிள் அடியில் வந்து, எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் மேலே சிக்கிய காற்று வெளியேறாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருக்கும் இடப்பக்கப் பின்சக்கரத்தில் தொடங்கி வலப்பக்க முன்சக்கரத்தில் முடித்தோம். ஆயில் டாட் 4. ஈரத்தை உறிஞ்சாத நிலையில் இதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். காவிரித் தண்ணீர் ஓடும் மாதங்களில் எங்கள் வீட்டு உப்பு ஜாடியே கசிந்து நிற்கும் என்பதால், பெரிய டப்பா மலிவு என்று வாங்கித் திறந்து வைப்பதில்லை. சிறிய டப்பா வாங்கி, மீந்ததை எறிந்துவிடுகிறேன்.

பெடல் கெட்டியானதும் எல்லா இணைப்புகளையும் துணியால் துடைத்து, அவற்றின் மேல் கோலமாவைத் தூவினேன். மனைவி பெடலை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொள்ள, டார்ச்சோடு கீழே படுத்துப் பார்த்தேன். வெள்ளை மாவில் கசிவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற எல்லாம் வெள்ளையாகவே இருக்க, வலப்பக்கப் பாஞ்சோவைச் சுற்றி மட்டும் கடுகளவு ஈரம் பிறை வடிவில் பரவியது. பழைய வாஷர். கூடுதலாக இறுக்கிப் பார்க்கலாம் என்று கை துறுதுறுத்தது. துளையுள்ள போல்ட் என்பதால் மிகையாக இறுக்கினால் கழுத்திலேயே முறியும். கழற்றி, இரண்டு வாஷரையும் புதிதாகப் போட்டு, அந்தச் சக்கரத்துக்கு மறுபடி ஏர் எடுத்தோம்.

மறுநாள் விடியற்காலையில் கொள்ளிடக் கரைச் சாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், முதலில் இருபது கிலோமீட்டர் வேகத்தில், பிறகு நாற்பதில் நிறுத்திப் பார்த்தேன். வண்டி நேராக நின்றது. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே சூடு.

அறுநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, வெயிலில் நிறுத்தி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தபோது வலப்பக்க ஹோஸின் கறுப்பு மேலுறையில் விரல்நக அளவுக்கு ஓர் இடம் பளபளப்பாக இருந்தது. டயர் தொட்ட அடையாளம். நின்ற நிலையில் தொடவில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது மட்டும் தொட்டிருக்கிறது. பாஞ்சோ போல்ட்டைத் தளர்த்தி, வளையத்தைச் சில டிகிரி உள்பக்கம் திருப்பி, இன்னும் இரண்டு புதிய வாஷர் போட்டு இறுக்கி, ஏர் எடுத்தேன். பளபளப்பான இடத்தின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்த வாரம் பின்சீட்டில் மூன்று பேரோடு திருவாரூர் போய் வந்தேன், கோடு அழியவில்லை.